கொட்டகைக்குள்ளே ஒரு கூ

செருப்பைக் கழற்றாதீர்கள், போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள். தரை முழுக்க இரும்புச் சுருள் கிடக்கிறது. வெறுங்காலில் மிதித்தால் அவ்வளவுதான். வாசலில் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். சேந்தமங்கலத்தில் என் மாமா வீட்டுப் புழக்கடையில் இருக்கும் இந்தத் தகரக் கொட்டகைக்குள் வர எனக்கு அனுமதி கிடைக்கவே ஆறு மாதம் ஆனது. "முடியட்டும் கண்ணு, ஓடுறப்ப வந்து பாரு" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஓடுவதைத் தெருவே பார்க்கப்போகிறது. ஓடாமல் நாலு துண்டாகக் கிடப்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை!

அதோ, பாருங்கள். பழைய நாளிதழ் விரித்த மேசையில் நாலு குட்டிச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். பக்கத்தில் ஆள்காட்டி விரல் மட்டும் நுழைகிற ஒரு சிலிண்டர். நிலக்கரி போட்டு, தண்ணீர் கொதித்து, ஆவி தள்ளி, ஆளை உட்காரவைத்து இழுக்கப்போகிற நிஜமான நீராவி எஞ்சின் இது. தண்டவாளத்தின் அகலம் மூன்றரை அங்குலம். என் ஒரு சாண்கூட இல்லை.

கண் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கிறது. நடுவில் நாலரை அடி லேத். அதன் நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு கலந்து ஊறிப்போயிருக்கின்றன. ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள், உள்ளே அளவுவாரியாகத் திருகாணிகள். ஒரு பாட்டிலில் மட்டும் கடலை மிட்டாய். அது எட்டு வயதுப் பேரனின் சம்பளம். கீழே சிந்திய திருகாணியைக் காந்தம் வைத்துப் பொறுக்கிக் கொடுப்பது அவன் வேலை. "அப்புச்சி, இன்னைக்கு பதினேழு" என்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பான்.

மூலையில் ஒரு பெயின்ட் டப்பா. அதைத் திறக்க மாமா கூச்சப்பட்டார். நான்தான் விடாமல் திறந்தேன். முழுக்க வீணாய்ப்போன உருப்படிகள்! ஒரு மயிரிழை கூடுதலாகக் கடைந்துவிட்ட பிஸ்டன், துளை ஓரம் போன கனெக்டிங் ராடு, சக்கில் நழுவி நெளிந்த சக்கரம். முப்பத்தெட்டு வருஷம் நாமக்கல் லேத் பட்டறையில் லாரிச் சாமான் கடைந்த கை இது. அங்குலத்துக்கு எட்டு நூல். லாரியில் அரை நூல் முன்னே பின்னே போனால் ஒரு வாஷரைப் போட்டுச் சமாளித்துவிடலாம். இங்கே மொத்தச் சிலிண்டரின் துளையே ஐந்தரை நூல்தான். "பெரிய வேலை செஞ்ச கைக்குச் சின்ன வேலை பழக ரெண்டு வருசம் ஆச்சு சாமி" என்றார். எஞ்சினுக்கு அடுத்தபடியாக எனக்கு இந்தக் கொட்டகையில் பிடித்தது அந்த டப்பாதான்.

லேத் ஓடுகிறது. பால் மாதிரி வெள்ளையாகச் சோப்பு ஆயில் சொட்டுகிறது. பழைய லாரி ஷாஃப்டிலிருந்து அறுத்த துண்டு சுழன்று சுழன்று சக்கரமாகிறது. நீலம் பாய்ந்த சுருள் ஜிலேபி போலச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. மாமா கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்க்கிறார். சத்தம் கொஞ்சம் கீச்சிட்டதும் கை தானாகப் பின்வாங்குகிறது. திடீரென்று விளக்கு மங்கி லேத் முனகியது. "பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டுட்டாங்க" என்று நிறுத்திவிட்டு டீக்குக் குரல் கொடுத்தார். வோல்டேஜ் வரும்வரை கதை.

கல்யாணமான புதிதில் அத்தையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போனாராம். 1899-லேயே திறந்த மலைப்பாதை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்பு. அதைக் கவ்விக்கொண்டு எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். "உங்க மாமா ஜன்னல் பக்கம் மலையப் பாக்கவே இல்ல. நிக்கிற எடத்துல எல்லாம் எறங்கி எஞ்சினு கிட்டயே ஓடுவாரு" என்று டம்ளரை நீட்டினார் அத்தை. அந்த எக்ஸ் வகை எஞ்சின்களை முதலில் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. பிறகு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையே அவற்றைப் புதிதாகச் செய்யத் தொடங்கியது. 2021-ல் நிலக்கரியில் ஓடுகிற ஒன்றும் அங்கிருந்து வெளியே வந்தது. அந்தச் செய்தியின் படத்தைக் கத்தரித்து, லேத்துக்கு மேலே முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார் மாமா.

ஆனால் முதல் எஞ்சினுக்கு அவ்வளவு சிக்கல் வேண்டாம் என்று அவர் எடுத்துக்கொண்டது நாலே சக்கரம் உள்ள 'டிச்'. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர், வீட்டில் வைத்துச் செய்கிறவர்களுக்காகவே வரைந்தது. லண்டனில் 1898-ல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழில் பல பத்தாண்டுகள் எழுதியவர். அவ்வளவு சின்ன எஞ்சின் நிலக்கரியில் எரிந்து ஆளை இழுக்குமா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்ட 1920-களில், இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் தன் 'ஆயிஷா'வை ஓட்டி, பின்னால் தானே உட்கார்ந்து போய்க் காட்டினார். 'டிச்' வரைபடத்து அங்குலத்தை எல்லாம் மாமா சுண்ணாம்புக்கட்டியால் தரையில் நூலாக மாற்றி எழுதியிருக்கிறார். அங்குலத்துக்கு எட்டு நூல். மிதிக்காமல் தாண்டி வாருங்கள்!

இனி கொதிகலன். அதைப் பற்றவைத்த ராத்திரி நான் அங்கே இருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும் அல்லவா? செம்பு நேர்மாறு, இளகிவிடும். தகட்டைச் சிவக்கவைத்து, வாளியில் போட்டு, சுர்ரென்று ஆவி எழ வெளியே எடுத்து, மரச் சுத்தியால் விளிம்பைத் தட்டி மடிக்க வேண்டும். பத்து அடி அடித்தால் மறுபடி இறுகிப்போகும். மறுபடி அடுப்பு, மறுபடி வாளி. இப்படியே மூன்று மாலை போனது. பற்றவைக்கிற ராத்திரிக்குக் கடைவீதியிலிருந்து நகைப் பத்தர் ஒருவர் வந்துவிட்டார், மாமாவின் பள்ளித் தோழர். தட்டார்கள் வெங்காரம் வைப்பதுபோல மூட்டெல்லாம் வெள்ளைப் பொடி பூசினார்கள். சுற்றிலும் செங்கல் அடுக்கி, ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் பத்தர், இரண்டு கேஸ் பர்னர். கொட்டகையே உலைக்களம். மாமாவின் பனியன் பிழிந்தால் சொட்டும். செம்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் வெள்ளி கலந்த கம்பியைத் தொட்டார்.

"ஓடுது! ஓடுது! கைய எடுத்துறாதீங்க!" என்று பத்தர் கத்தினார். பளீரென்று ஒரு வெள்ளிக் கோடு மூட்டைச் சுற்றி ஓடி முடிந்தது. அந்த இரண்டு நொடிக்காகத்தான் அத்தனை வேர்வை! மோதிரம் ஊதிப் பழகிய பத்தர், தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய நகை செய்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுவாரம் சோதனை. எண்பது பவுண்டு அழுத்தத்தில் ஓடப்போகிற கொதிகலனில் தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப்பம்பால் நூற்று அறுபது வரை ஏற்ற வேண்டும். ஆவி இல்லை, வெறும் பச்சைத் தண்ணீர். மூட்டு விட்டால் பீய்ச்சுமே தவிர வெடிக்காது. முள் நூற்றிருபதைத் தொட்டபோது ஒரு குழாயின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு துளி. யாரும் பேசவில்லை. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேள, இப்பவே சொல்லிருச்சு" என்றார். திரும்ப அடுப்பு, திரும்பப் பத்தர். இரண்டாவது முறை முள் நூற்று அறுபதில் இருபது நிமிடம் ஆடாமல் நின்றது. பேரன் சுவர்க் கடிகாரத்தின் கீழேயே நின்று எண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்கே கொல்லிமலை பனிக்குள் இருக்கிறது. வீட்டின் பக்கவாட்டில் முழங்கால் உயரத் தூண்களின் மேல் முப்பது அடி இரும்புப் பட்டை, அதுதான் தண்டவாளம். போர் தண்ணீர் உப்பு. கொதிகலனுக்குள் காரை பிடிக்கும் என்று ஐப்பசி மழையில் பிடித்துவைத்த தண்ணீரை அத்தை வெள்ளைத் துணியில் வடிகட்டித் தந்தார். மண்ணெண்ணெயில் ஊறிய கொட்டாங்குச்சிக் கரி முதலில், அது பற்றியதும் பட்டாணி அளவு நிலக்கரி. புகைபோக்கியின் மேல் ஒரு சின்ன மின்விசிறி புகையை உறிஞ்சி இழுக்கிறது. பதினைந்தாவது நிமிடம் முள் அசைந்தது. இருபது. நாற்பது. எண்பதில் பாதுகாப்பு வால்வு புஸ்ஸென்று தூக்கியது. தெருக்காரர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

மாமா கைப்பிடியை மெல்லத் தள்ளினார். குளிர்ந்த சிலிண்டருக்குள் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் கரியோடு சேர்ந்து புகைபோக்கி வழியாகச் சட்டென்று பீய்ச்சியது. முன்வரிசையில் நின்ற பத்தரின் சலவை வேட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளி! அவரோ, "நகருது பாருங்க! நகருது!" என்று குதித்துக்கொண்டிருந்தார். சக் சக் சக் சக். பின்னால் கட்டிய பலகை வண்டியில் பேரன், இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் ரயில் பாதை 2013-ல்தான் திறந்தது. அதற்குள் நீராவிக் காலம் முடிந்துபோயிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு நீராவி எஞ்சினின் கூவலே தெரியாது. பேரன் பித்தளை விசிலின் சங்கிலியை இழுத்தான். கூ!

"இன்னொருக்கா ஊது சாமி" என்றார் பாட்டி.

பதினோரு முறை போய்வந்தது எஞ்சின், முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை என்று. கூட்டம் கலைந்ததும் மாமா நெருப்பைத் தட்டிவிட்டு, சூடு ஆறும்வரை அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். பிறகு கொட்டகைக்குள் போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். தரையில் இடமில்லை. கதவின் பின்பக்கம் எழுதினார்: இடது பம்ப் கசிவு. விசில் சத்தம் பத்தல. அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்துவிட்டு, தனியாக: பல்சக்கரம், குன்னூர்.