சிறிய எஞ்சினும் பெரிய விரைவும்

எஞ்சின் பெரிதாயின் விரைவும் மிகும் என்பர். அஃது அரையுண்மையே. மூட்டைகள் ஏற்றிய வண்டியை மெல்ல இழுக்கும் மாடு, வெறும் வண்டியோடு விரைந்தோடுமன்றோ? சுமை குறையின் விரைவு மிகும்.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர் கோவை எஸ். கரிவரதன். சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அந்நாளிற் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. அயல்நாட்டுப் பந்தயக் கார் வாங்கும் வசதி பலர்க்கு இல்லை. எனவே அவர், குடும்பங்கள் பயன்படுத்திய மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினை, எடை குறைந்த ஒற்றை இருக்கைக் காரிற் பொருத்தினார். 1980களின் பிற்பகுதியில் தோன்றிய அக்கார், ஃபார்முலா மாருதி எனப் பெயர் பெற்றது.

எடையைக் குறைத்தல் மட்டும் போதாது. எஞ்சினைச் செப்பஞ்செய்தலும் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. காற்று அளவுக்கு மிஞ்சின் ஆற்றல் குன்றும். பெட்ரோல் மிஞ்சின் கரும்புகை எழும்.

இவ்வெளிய காரிற் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அதனைக் காணக் கரிவரதன் இல்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்தார். 2003இல் கோவையருகே திறக்கப்பெற்ற பந்தயக்களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

விரைவு பழகும் இடம் அத்தகைய களமே; பலரும் நடமாடும் பொதுச்சாலை அன்று. இதனை மறவாதவனே நல்ல ஓட்டுநன்.