காரை மாற்றலாம், பெயரை மாற்றலாமா?

ஸ்போர்ட்ஸ் கார் மோகம் சிலரை எஞ்சினைப் பிரிக்கும் வரை கொண்டுபோகிறது. பலரை டிக்கியில் ஒட்டும் எழுத்துகளோடு நிறுத்திவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் படுவது முதல் ரகம்தான்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில், திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே ஜப்பானின் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு இன்னொரு ஜப்பானிய நிறுவனமான இசுஸுவின் வாகனங்கள் ஒப்பந்த அடிப்படையில் அதே வளாகத்தில் உருவாயின. 2017-ல் பிரான்ஸின் பியூஜோ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கைகோத்தது. இப்போது அங்கிருந்து வருபவை சிட்ரோன் கார்கள். கூரை ஒன்றுதான், அதன் கீழ் பிறந்த கார்களின் நெற்றியில்தான் எத்தனை சின்னங்கள்!

கம்பெனிகள் சின்னத்தை மாற்றினால் அதற்குப் பெயர் வியாபார ஒப்பந்தம். காரை வாங்கியவர் மாற்றினால்? கார் பிரியர்களைக் கட்சி கட்டிச் சண்டை போட வைக்கும் கேள்வி இது. அதற்கும் இந்தத் திருவள்ளூர் லான்சரே நல்ல உதாரணம்.

உலக ராலி பந்தயங்களில் புழுதி கிளப்பிய 'லான்சர் எவல்யூஷன்' இந்தக் காரின் உடன்பிறப்பு. அந்த வரிசைக் கார்களை ஓட்டித்தான் பின்லாந்து வீரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன் ஆனார். ஜப்பானில் விற்பனையான எவல்யூஷனுக்கு 2 லிட்டர் டர்போ எஞ்சின், 280 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை. இந்தியாவில் முதலில் வந்த லான்சருக்கு 1.5 லிட்டர் பெட்ரோல் அல்லது 2 லிட்டர் டீசல் எஞ்சின். இரண்டுமே 100 குதிரைத்திறனை எட்டாதவை. ஆனால் உடல்வாகு கிட்டத்தட்ட ஒன்று. டிக்கி மேல் பெரிய இறக்கை, முன்புறம் அகன்ற பம்பர், பின்னால் 'எவல்யூஷன்' என்ற எழுத்து. இவை சேர்ந்தால் சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்த ஆசைக்கு இரண்டு வகையான பக்தர்கள் உண்டு. ஒருவர் எஞ்சினைப் பிரிப்பார், சஸ்பென்ஷனை மாற்றுவார், வேகத்துக்கு ஏற்ப பிரேக்கை பலப்படுத்துவார். வெளியே பழைய எழுத்தை அப்படியே விட்டுவைப்பார், சில சமயம் அதையும் கழற்றிவிடுவார். இன்னொருவர் ஆக்சஸரிஸ் கடைக்குப் போய் எழுத்தை மட்டும் வாங்கி வருவார். முதலாமவர் காரில் இருப்பதைக் காட்டவில்லை. இரண்டாமவர் இல்லாததைக் காட்டுகிறார். இரண்டையும் 'மாடிஃபிகேஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்குவதுதான் குழப்பத்தின் ஆரம்பம்.

பெயர்ப் பிரச்சினை இந்தச் சாலைக்குப் புதிதல்ல. திருவள்ளூரைத் தாண்டினால் திருத்தணி. 1960-ல் எல்லை மாறியபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்த ஊர். மேலே நகரி, புத்தூர். எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்யும் புத்தூர் குடும்பத்தாரின் புகழால், 'புத்தூர் கட்டு' என்ற பலகையைத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். மாட்டியவர்கள் எல்லோரும் புத்தூரில் கற்றவர்களா என்பதைக் கையை நீட்டுகிறவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். சாலை முடியும் திருப்பதியில் நிலைமை வேறு. 'திருப்பதி லட்டு' என்ற பெயருக்கு 2009-ல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது தேவஸ்தானம். வேறு எவரும் எவ்வளவு ருசியாகப் பிடித்தாலும் அந்தப் பெயரில் விற்க முடியாது. பெயர் என்பது ருசிக்கான சான்று மட்டுமல்ல; தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான விலாசமும் அதுவே.

யாருடைய கையெழுத்து?

கார் சின்னமும் அப்படிப்பட்ட விலாசம்தான். இதை ஃபெராரியைவிட அழுத்தமாக உணர்ந்த நிறுவனம் இருக்க முடியாது. அறுபதுகளின் இறுதியில் அந்த நிறுவனம் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. 1956-ல் இளவயதில் இறந்துபோன மகனின் நினைவாக என்ஸோ ஃபெராரி அதற்கு 'டினோ' என்று பெயர் வைத்தார். ஃபெராரி என்ற பெயரும் பாயும் குதிரையும் அதன்மேல் இல்லை. அவை பன்னிரண்டு சிலிண்டர் கார்களுக்கு உரியவை என்பது கணக்கு. பின்னாளில் டினோ வைத்திருந்தவர்கள் பலர் தாங்களே குதிரையை வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். அது பொய்யா? ஃபெராரியின் கார்தானே என்று ஒரு கட்சி வாதிடும். செய்தவனே கையெழுத்துப் போடாத இடத்தில் வாங்கியவன் அவன் கையெழுத்தைப் போடலாமா என்று எதிர்க்கட்சி கேட்கும். இரண்டாவது கட்சிக்கே நியாயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

ஜெர்மனியின் ரூஃப் நிறுவனம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. போர்ஷ் கார்களைத் திருத்திக்கொண்டிருந்த அந்தப் பட்டறை, எண் பொறிக்கப்படாத வெற்று உடலை போர்ஷிடம் வாங்கித் தானே முழுக் காரையும் கட்டத் தொடங்கியது. 1981-ல் ஜெர்மன் அரசு அதைத் தனித் தயாரிப்பாளராக அங்கீகரித்தது. 1987-ல் அது செய்த மஞ்சள் நிறக் கார் மணிக்கு 340 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பறந்து போர்ஷையே தலைகுனிய வைத்தது. பார்ப்பதற்கு போர்ஷ் போலவே இருந்த அந்தக் கார் சுமந்தது ரூஃப் என்ற பெயரை. வேலை செய்தவனே பெயரையும் போட்டான். பழியும் புகழும் அவனுக்கே.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். மொழிபெயர்ப்பு என்றால் அட்டையில் மூல ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும். பாத்திரங்களையும் ஊரையும் மாற்றி எழுதினால் 'தழுவல்' என்று சொல்லிவிட வேண்டும். ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழுக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து தழுவலுக்கு இங்கே மரியாதையான இடம் உண்டு. இரண்டு பாவங்கள்தான் மன்னிக்க முடியாதவை: பிறர் எழுதியதைத் தன் பெயரில் போடுவது, தான் எழுதியதைப் பெரியவர் ஒருவர் பெயரில் விற்பது. ரூஃப் செய்தது தழுவல். வெறும் எழுத்தை ஒட்டிய லான்சர் இரண்டாவது பாவத்தின் சின்னத் தம்பி.

ஏமாறுவது யார்?

'வாங்கியவனுக்குத் தெரியும், விற்றவனுக்கும் தெரியும், இதில் யார் ஏமாந்தார்கள்?' என்பது போலிகளை ஆதரிப்பவர்களின் வழக்கமான வாதம். இது அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனது. ராபர்ட்ஸ் என்பவர் வேறு கம்பெனிக் கார்களின் அடிச்சட்டத்தில் பொருத்தும் ஃபைபர் உடல்களைச் செய்து விற்றார். வடிவம் அப்படியே ஃபெராரி. வாடிக்கையாளர்களிடம் இது அசல் இல்லை என்று சொல்லித்தான் விற்கிறேன் என்றார். 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்குகிறவர் ஏமாறாவிட்டாலும், அந்தக் கார் சாலையில் ஓடும்போது பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள் என்றது.

ஆனால் ஃபெராரியின் கோபம் எப்போதும் இதே அளவு நியாயமாக இருந்ததில்லை. டெட்மவ்5 என்ற பெயரில் புகழ்பெற்ற கனடா இசைக்கலைஞர் தன் ஃபெராரி 458-க்கு வானவில்லோடு பறக்கும் பூனைப் படத்தைச் சுற்றி, சின்னத்தையும் 'பர்ராரி' என்று மாற்றிவைத்தார். 2014-ல் கம்பெனியிடமிருந்து வக்கீல் கடிதம் வந்தது. காரை அவர் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர நேர்ந்தது. அசல் ஃபெராரியை விலை கொடுத்து வாங்கியவர். பூனைப் பெயரைப் பார்த்து ஏமாற ஒருவரும் இல்லை. அங்கே புண்பட்டது கம்பெனியின் கௌரவம் மட்டுமே. கேலிக்கும் மோசடிக்கும் உள்ள தூரத்தை அளக்க இந்த இரு வழக்குகளும் போதும்.

நம் வீட்டுக் கதை

பெயரும் பொருளும் பிரிந்துபோவதை இந்தியக் கம்பெனிகள் நமக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கின்றன. 1985-ல் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்ட் 2000' காரை வெளியிட்டது. உடல் பிரிட்டனின் கம்பீரமான ரோவர். உள்ளே இருந்ததோ பழைய வான்கார்ட் காலத்து எஞ்சினின் வாரிசு. வாங்கியவர்கள் நொந்துபோனார்கள், சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. ஆனால் ஒரு நேர்மை இருந்தது. ரோவரின் உடலை எடுத்தவர்கள் ரோவரின் பெயரை எடுக்கவில்லை.

இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா பிரிட்டனின் வாக்ஸால் காரிலிருந்து வந்தது. முதலில் அம்பாசிடரின் எஞ்சினோடு தவித்த அதற்கு, பின்னால் இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின் உயிர் கொடுத்தது. இன்றும் பழைய கான்டெஸாவைத் தேடிப்பிடித்து அமெரிக்க மஸ்டாங் போலச் செதுக்கி, குதிரைச் சின்னத்தையும் மாட்டுகிற ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அம்பாசிடரின் கதை இன்னும் விசித்திரம். 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கார் இல்லாத சின்னத்துக்கே அவ்வளவு விலை என்றால், அதைக் கடையில் வாங்கி ஒட்டுவது வெறும் அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

கான்டெஸாவுக்கு எஞ்சின் கொடுத்த அதே இசுஸு 2016-ல் தன் சொந்தப் பெயரில் ஸ்ரீசிட்டியில் ஆலை திறந்தது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022-ல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. இப்போது பிக்-அப் வாகனங்களுக்குப் பேர்போன இந்த நிறுவனம் எண்பதுகளில் 'பியாட்ஸா' என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. அமெரிக்காவில் அது 'இம்பல்ஸ்', ஆஸ்திரேலியாவில் 'ஹோல்டன்'. பின்னால் வந்த சில கார்களில் 'கையாளும் திறன்: லோட்டஸ்' என்ற பொருளில் ஓர் எழுத்தும் இருந்தது. பிரிட்டனின் லோட்டஸ் பொறியாளர்கள் சஸ்பென்ஷனில் வேலை செய்திருந்தார்கள். செய்த அளவுக்குப் பெயர் போட்டார்கள். சின்னம் மாற்ற நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றது. எஞ்சினை மாற்றியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பொய் எழுத்தை ஒட்டியவர்? பதிவுச் சான்றில் டிக்கி எழுத்துக்கு இடமே இல்லை. வர்த்தகச் சின்னச் சட்டம் போலிச் சின்னம் செய்து விற்பவரைப் பிடிக்கும். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை தண்டனை. தன் காரில் தானே ஒட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவரைத் தேடி எவரும் வரப்போவதில்லை. ஆக, உண்மையான மாற்றத்தைத் துரத்தும் சட்டம் பொய்யான பெயரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

கண்டுகொள்ள வேண்டிய நாள் ஒன்று வரும்: கார் கைமாறும் நாள். உயர்ந்த மாடலின் எழுத்தை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறவருக்கு அது அலங்காரம் அல்ல. தெரிந்தே அப்படி விற்றால் அது பாரதிய நியாய சன்ஹிதா சொல்லும் மோசடியாகிவிடும். பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. பெயரைப் பார்த்து, அந்தக் காருக்குரிய பிரேக்கும் பிடிமானமும் இருப்பதாக நம்பி மலைவளைவில் ஒருவர் வேகமெடுக்கக் கூடும். எவல்யூஷன் என்ற எழுத்து காரை நிறுத்தாது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் டிக்கியைப் பார்ப்பதை விட்டு ஆர்.சி.யில் உள்ள மாடல் பெயரையும், சேஸிஸில் பொறித்த எண்ணையும், எஞ்சின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. விற்கிறவர்கள் எதை மாற்றினோம் என்று எழுதிக் கொடுப்பது அதைவிட நல்லது. ஆசைக்கு எழுத்து ஒட்டுகிறவர்கள் விற்கும் முன் அதைக் கழற்றிவிடலாம். பழைய எழுத்து கைவசம் இருந்தால் திரும்ப மாட்டலாம். காரையே திருத்திக் கட்டும் மெக்கானிக்குகள் தங்கள் பட்டறைப் பெயரைக் கூச்சமில்லாமல் போடட்டும். பெயர் போடத் தயங்குகிற வேலையைச் செய்யவும் தயங்குவார்கள்.

திருமலைக்கு ஏறும் வாகனங்களை அலிபிரியில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். கட்சிக் கொடிக்கும் பிற மதச் சின்னங்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. மலைப்பாதையில் எத்தனை நிமிடத்துக்கு முன்னால் வந்துசேரக் கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முந்தி வந்து மாட்டிக்கொண்டவர் டிக்கியில் எந்த எழுத்தை ஒட்டியிருந்தாலும், சீட்டு எழுதப்படுவது நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான்.