மேகத்தில் ஒரு வாடகை வீடு

பெஸ்தாரி ஜெயாவில் கணினித் துறை படிக்கும் தோட்டத்து இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தாம் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய வகுப்புப் படங்கள் ஆயிரத்தைத் திரட்டி, பெயரைத் தட்டினால் படம் வரும்படி ஒரு சிறு மென்பொருளை எழுதிவிட்டார். மடிக்கணினியில் அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சபாக் பெர்ணமில் இருக்கும் அத்தையும் தம் கைப்பேசியில் அதைப் பார்க்க வேண்டுமே? அதற்கு அந்த மென்பொருள் இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு கணினியில் குடியேற வேண்டும். அப்படிப்பட்ட கணினியில் இடத்தை வாடகைக்கு விடுவதுதான் 'கிளவுட்' எனப்படும் மேகக் கணினிச் சேவை.

பெயரில்தான் மேகம். உண்மையில் அது ஏதோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைக்கப்பட்ட கணினிகளின் வரிசை. சிங்கப்பூரில் அத்தகைய மையங்கள் நிறைய உண்டு. அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே ஒன்றைத் திறந்தது.

கையில் காசில்லாத இளைஞர் முதலில் தேடுவது இலவச இடத்தைத்தான். அதில் தவறில்லை. ஆனால் இலவச இடம் என்பது தோட்டத்து லயத்து வீடு மாதிரி. இருக்கும் வரை நம் வீடுதான், தோட்டம் கைமாறினால் காலி செய்ய வேண்டியதுதான். வட சிலாங்கூர்க் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜியோசிட்டிஸ் என்ற இலவச அகப்பக்கச் சேவையை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியபோது, உலகெங்கும் பலர் ஆர்வத்தோடு கட்டிய பக்கங்கள் மறைந்தன. தமிழ்ப் பக்கங்களும் அவற்றில் உண்டு. சிறு மென்பொருள் எழுதுவோர் விரும்பிப் பயன்படுத்திய ஹெரோகு, 2022 நவம்பர் 28 முதல் தன் இலவசத் திட்டத்தை நிறுத்திக் கொண்டது. ஆகவே இலவசமா என்று கேட்பதற்கு முன், நம் பொருளை நாமே எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்று கேட்க வேண்டும்.

சரி, காசு கொடுத்தே எடுப்போம் என்றால் விலைப் பட்டியல் தலையைச் சுற்ற வைக்கும். டிஜிட்டல் ஓஷன் நிறுவனத்தின் மிகச் சிறிய சர்வர் மாதம் 4 டாலர். 10 ஜிபி இடமும், மாதம் 500 ஜிபி வரை டேட்டா வெளியே போக அனுமதியும் அதில் அடக்கம். அமேசானின் முதன்மைச் சேவை வேறு மாதிரி. அங்கே ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. சர்வருக்கு ஒரு தொகை. 2024 பிப்ரவரியிலிருந்து அதன் பொது முகவரி எண்ணுக்கு மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் ஏறக்குறைய மூன்றரை டாலருக்கு மேல். வீட்டு வாடகை தவிரக் கதவு எண்ணுக்கும் வாடகை என்பது போல! பெரிய நிறுவனங்களுக்கு இந்த முறை சரி. மாதச் செலவை முன்கூட்டியே அறிய விரும்பும் மாணவருக்கு ஒரே விலைத் திட்டமே நிம்மதி.

டேட்டா கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால் ஆயிரம் படம் 4 ஜிபி. திறப்பு விழா மாதத்தில் 75 பேர் எல்லாப் படங்களையும் பார்த்தால் 300 ஜிபி வெளியே போகும். அமேசானின் சிங்கப்பூர் மையத்தில் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 0.12 டாலர். எனவே படத்துக்கு மட்டும் 24 டாலர்! அங்கே எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும் வசதி உண்டு. ஆனால் அது தகவல் சொல்லுமே தவிர, தானாகச் சேவையை நிறுத்தாது. பில் வந்துகொண்டேதான் இருக்கும்.

அதே படங்களை ஏற்றுவதற்கு முன் 200 கேபி அளவுக்குச் சுருக்கிவிட்டால்? ஆயிரம் படமும் சேர்ந்து 200 எம்பிதான். 75 பேர் பார்த்தாலும் 15 ஜிபி. எந்த நிறுவனம் என்று மண்டையைக் குழப்பிக் கொள்வதைவிட இந்த ஒரு மாலை வேலை அதிகம் மிச்சப்படுத்தும். மூலப் படங்களை வீட்டில் தனியாக வைத்துக் கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிய வரும். படமும் பெயரும் தேடலும் மட்டும் என்றால் சர்வரே தேவையில்லை. தேடும் வேலையை அத்தையின் கைப்பேசியே செய்துகொள்ளும். இப்படிப்பட்ட நிலையான பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் 1 ஜிபி வரை காசு வாங்காமல் வைத்துக் கொள்கிறது. அதுவும் இலவசம்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் இவை வெறும் கோப்புகள். அப்படியே அள்ளிக்கொண்டு வேறிடம் போய்விடலாம். மற்றவர்களும் படம் ஏற்ற வேண்டும், கருத்து எழுத வேண்டும் என்னும்போதுதான் அந்த 4 டாலர் சர்வர் தேவைப்படும். (பழைய பதிவேடுகளில் அடையாளக் கார்டு எண் இருந்தால் மறைத்துவிட்டே ஏற்ற வேண்டும்.)

டாலர் விலை நமக்கு வெள்ளியில்தான் வலிக்கும். 1998 முதல் 2005 ஜூலை வரை டாலர் 3.80 வெள்ளி என்று கட்டிப் போட்டிருந்த காலம் போய்விட்டது. இப்போது மாதா மாதம் தொகை மாறும். இங்கே பதிவு செய்துள்ள வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு.

பேக்கப் இன்னும் முக்கியம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் மையம் ஒன்று 2021 மார்ச் 10ஆம் தேதி தீக்கிரையானது. பிரதியையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஒரு பிரதி வேறு நிறுவனத்திலும், ஒன்று வீட்டு வன்தட்டிலும் இருக்கட்டும்.

டொமேன் பெயரைச் சர்வர் நிறுவனத்திடமே வாங்காமல் தனியாகப் பதிவு செய்தால், இடம் மாறினாலும் அத்தைக்குப் பழைய முகவரியே போதும். ஆண்டுக் கட்டணம் கட்டும் கணக்கின் கடவுச்சொல் முன்னாள் மாணவர் சங்கத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் அந்த இளைஞர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடக் கூடும்.