துண்டு யார் கையிலே?



எதிரணியிலே பேசிய அம்மையார், என்ஜினீயரிங் படிப்பை மூணாம் வருஷத்திலே நிறுத்திய ஒரு பையனைப் பற்றிச் சொன்னாங்க. "துண்டைத் தூக்கி வீசிட்டான், கோழை"ன்னாங்க. 'த்ரோ இன் தி டவல்' என்கிற இங்கிலீஷ் பேச்சைத் தமிழ்ப்படுத்தினாங்க. தமிழ் வாத்தியார் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா, சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய வடசென்னையிலே நின்னு இதைச் சொல்லலாமா?

இந்தப் பக்கம் கிளவுஸ் மாட்டிய பெரியவர் யாரையாவது கேளுங்க. துண்டு யார்கிட்டே இருக்கும்? சண்டை போடறவனுக்கு ரெண்டு கையிலும் கிளவுஸ். துண்டை எப்படிப் பிடிப்பான்? (சிரிப்பு) அது மூலையிலே நிற்கிற வாத்தியார்கிட்டே இருக்கும். ரவுண்டுக்கு ரவுண்டு ஒரு நிமிஷம் ஓய்வு. 1867-இல் வெளியான குவீன்ஸ்பெரி விதி அது. அந்த நேரத்திலே முகம் துடைக்க, விசிற வைத்திருக்கிற துண்டு. பையன் இனித் தாங்கமாட்டான்னு தெரிஞ்சா, வாத்தியார் அதை ரிங்குக்குள்ளே வீசுவார். சண்டை நின்னுடும். 19-ஆம் நூற்றாண்டிலே ஸ்பாஞ்சைத்தான் எறிஞ்சாங்க; சொல்வழக்கும் ஸ்பாஞ்சை வைத்தே இருந்தது. துண்டு வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே.

நம்ம துண்டுக்கு வேற வேலை. மாட்டுச் சந்தையிலே துண்டுக்குள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசுவோம். பஸ்ஸிலே துண்டு போட்டா இடம் நமக்கு. ரிங்கிலே துண்டு விழுந்தா இடம் போச்சு! (கைதட்டல்)

1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்திலே ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அதே வருஷம் அக்டோபர் 2, லாஸ் வேகாஸிலே லாரி ஹோம்ஸோடு நிஜப் போட்டி. ஹோம்ஸ் ஒரு காலத்திலே அலிக்கே பயிற்சித் துணையா இருந்தவர். அலிக்கு 38 வயசு. அடிமேல் அடி. 10 ரவுண்டு முடிஞ்சதும் சண்டை நின்னுது. நிறுத்தினது அலியா? இல்லை, அவருடைய வாத்தியார் ஏஞ்சலோ டண்டி. கூட இருந்த உதவியாளர் இன்னும் ஒரு ரவுண்டு கேட்டுக் கெஞ்சினார். டண்டி அசையலை. அலியின் தொழில்முறை வாழ்க்கையிலே பாதியிலே நிறுத்தப்பட்டுத் தோற்ற சண்டை அது ஒண்ணுதான். டண்டியைக் கோழைன்னு சொல்லுவீங்களா?

அம்மா, அந்தப் பையன் மூணு வருஷம் அடி வாங்கினானே, அவன் மூலையிலே நின்னவங்க யாரு? அப்பா, அம்மா, மாமா, எங்களை மாதிரி வாத்தியாருங்க. அத்தனை பேர் தோளிலேயும் துண்டு இருந்தது. ஒருத்தரும் எடுக்கலை. பாவம், கிளவுஸோட அவனே இறங்கி வந்தான்.

நடுவர் மணி அடிச்சுட்டார். என் ரவுண்டு முடிஞ்சுது, உட்கார்றேன்.