நகத்திற்கும் ஒரு சேலைக்கரை

“ஏம்மா, கியூடெக்ஸ் தீந்துபோச்சா? நுனியில மட்டும் பூசியிருக்க?”

பொங்கலுக்குத் தம்பின் வீட்டுக்கு வந்த நான், காலணியைக் கழற்றுவதற்குள் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. பல்கலைக்கழக விடுதியில் தோழியோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் செலவழித்துப் போட்ட பிரெஞ்சு டிப் அது. நகம் முழுக்க மெல்லிய இளஞ்சிவப்பு, நுனியில் மட்டும் வெள்ளைப் பிறை.

“இதுதான் பாட்டி இப்ப பேஷன். பிரான்சு நாட்டு ஸ்டைல்” என்றேன் பெருமையாக.

பாட்டி தன் விரல்களை நீட்டிக் காட்டினார். தீபாவளிக்கு வைத்த மருதாணி உள்ளங்கையிலிருந்து எப்போதோ போய்விட்டது. ஆனால் பத்து நகங்களின் நுனியிலும் ஒரு சிவப்புப் பிறை மிச்சம் இருந்தது.

“அப்ப இது எந்த நாட்டு ஸ்டைல்?”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்ட செய்திகளைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிரான்சில் பிறக்காத பிரெஞ்சு டிப்

முதல் ஆச்சரியம், பிரெஞ்சு டிப் பிரான்சில் பிறக்கவில்லை என்பதுதான். இன்று நாம் போடும் இந்த வடிவத்தை 1975இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்காவின் ‘ஓர்லி’ நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க். அப்போது ஹாலிவுட் படப்பிடிப்புகளில் ஒரு சிக்கல் இருந்தது. நடிகைகள் ஒவ்வொரு முறை உடை மாற்றும்போதும் அதற்கேற்ப நகத்தின் நிறத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. எல்லா உடைக்கும் பொருந்தும் ஒரே நகப்பூச்சு வேண்டும் என்று கேட்டபோது அவர் தந்த விடைதான் இளஞ்சிவப்பு அடியும் வெள்ளை நுனியும். பின்னர் அது பாரிஸ் பேஷன் மேடைகளில் வரவேற்பைப் பெற்றது. அந்த ஊரின் மவுசை வைத்தே ‘பிரெஞ்சு’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு முன்பே நக நுனியின் அடியில் வெண்மை தீட்டும் பென்சில்கள் மேலை நாடுகளில் விற்பனையில் இருந்தன. ஆக, இருந்ததைச் சற்று மாற்றி, புதுப் பெயர் வைத்து, பெட்டியில் போட்டு விற்றார்கள். பேஷன் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பாட்டி சொல்லும் ‘கியூடெக்ஸ்’ கூட ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர்தான். நம் வீடுகளில் எந்த நிறுவனத்தின் நகப்பூச்சாக இருந்தாலும் அதற்கு அதே பெயர்.

நுனி ஏன் வெள்ளை?

பிரெஞ்சு டிப் எல்லாருக்கும் பொருந்துவதற்கு அறிவியல் காரணம் ஒன்று உண்டு. நகம் என்பது ‘கெராட்டின்’ என்ற புரதத்தாலான ஒளி ஊடுருவும் தகடு. அதன் அடியிலுள்ள தசையில் இரத்தக் குழாய்கள் ஓடுவதால் நகம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. நுனிப் பகுதி தசையை விட்டு விலகி நிற்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. இயற்கை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் கோட்டைத்தான் பிரெஞ்சு டிப் கொஞ்சம் அழுத்திக் காட்டுகிறது.

இன்னொரு செய்தி. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து நுனி வரை முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் சிவப்புப் பிறைக்கு விடை இதில்தான் இருக்கிறது.

மருதாணி தானே போடும் டிப்

தோட்டத்து லயங்களில் தீபாவளிக்கு முந்திய இரவு எப்படி இருந்தது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலியோரத்து மருதாணி இலையை உருவி, கொஞ்சம் புளியும் பாக்கும் சேர்த்து அம்மியில் மைபோல் அரைப்பார்கள். உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் புள்ளிகள். விரல் நுனி ஒவ்வொன்றுக்கும் ‘தொப்பி’. நகமும் நுனியும் மூடும்படி விழுதை அப்பி, துணி சுற்றித் தூங்கவேண்டியதுதான். காலையில் யார் கை அதிகம் சிவந்திருக்கிறது என்று லயம் முழுக்கப் போட்டி நடக்கும்.

மருதாணி இலையில் ‘லாசோன்’ என்ற நிறப்பொருள் இருக்கிறது. புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் அது இலையிலிருந்து நன்றாக வெளிவர உதவுகின்றன. பிறகு அது தோலிலும் நகத்திலும் உள்ள கெராட்டினோடு பிணைந்துகொள்கிறது. தோலின் மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருப்பதால் கையில் பிடித்த நிறம் ஓரிரு வாரங்களில் மங்கிவிடும். நகம் உதிர்வதில்லை, வளர மட்டுமே செய்கிறது. அதனால் நகத்தில் ஏறிய சிவப்பு அழிவதில்லை. அடியிலிருந்து புது நகம் வர வர, அது நுனியை நோக்கித் தள்ளப்படுகிறது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையே கிட்டத்தட்ட மூன்று மாதம். மாதம் 3 மில்லிமீட்டர் என்றால் 9 மில்லிமீட்டர் புது நகம். பெரும்பாலான விரல்களில் நுனிப் பகுதி மட்டுமே சிவப்பாக எஞ்சியிருக்கும். அடியில் இயற்கை நிறம், நுனியில் வளைந்த சிவப்பு! பிரெஞ்சு டிப் என்பதும் இதுதானே? தூரிகை இல்லாமல், ஸ்டிக்கர் இல்லாமல், நகமே தன் மேல் வரைந்துகொண்டது.

“நாள்காட்டி எதுக்கு? சிவப்பு நுனிக்குப் போயிருச்சின்னா பொங்கல் வந்துருச்சின்னு தெரியும்” என்றார் பாட்டி.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே தலைவிளக்கோடு வெட்டுக்காட்டுக்குப் போகவேண்டும். விரலில் வழிந்த ரப்பர்பால் காய்ந்து, நகக்கண்ணில் ஏறி, கறுத்துப்போகும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. “நகம் வளத்தா கத்தி பிடிக்க முடியுமா? ஒட்ட வெட்டிருவோம். ஆனா அந்தச் சிவப்ப மட்டும் பாலும் ஒண்ணும் பண்ணல, சவர்க்காரமும் ஒண்ணும் பண்ணல.” வருடத்தில் சில மாதங்கள் அந்தக் கைகளில் இருந்த ஒரே அலங்காரம் அதுதான். பாட்டி என்னிடம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த அழகு நமக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. மலாய்த் திருமணங்களில் ‘பெரினாய்’ சடங்கின்போது மணமக்களின் விரல் நுனிகளைச் சிவக்க வைப்பார்கள். விடுதியில் என் அறைத்தோழி நகப்பூச்சு போடமாட்டாள். பூச்சு நகத்தின் மேல் ஒரு படலமாக நின்று, தொழுகைக்கு முன் கழுவும் நீர் நகத்தில் படாமல் தடுத்துவிடும் என்பாள். இனாய் அப்படிப் படலமாக நிற்பதில்லை. இப்போது எங்கள் இருவருக்கும் பொதுவான பேஷன் மருதாணிதான்.

கரை மாற்றிப் பார்ப்போமா?

பிரெஞ்சு டிப்பை நான் இப்போது சேலையாகப் பார்க்கிறேன். நகம் உடல், நுனி கரை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைப்பார்கள். கரை மாறினால் சேலையே மாறிவிடும். நகமும் அப்படித்தான். வெள்ளையைத்தான் வைக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. விடுமுறையில் நானும் தங்கைகளும் முயன்று பார்த்தவை இவை:

பட்டுக்கரை: நுனியில் அரக்குச் சிவப்பு. அதுவும் அடிநிறமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய பொன் கோடு. வெள்ளையை விட நம் மாநிறக் கைகளுக்கு இது எடுப்பாக இருக்கிறது.

கோபுரக்கரை: வளைவுக்குப் பதில் நுனியில் முக்கோணம். பட்டுச் சேலைக் கரையில் கோபுரம் என்கிறோம். சொங்கெட் துணியில் இதே முக்கோணத்தை மூங்கில் குருத்து, அதாவது ‘புச்சோக் ரெபோங்’ என்கிறார்கள். இரண்டு ஒட்டுநாடாத் துண்டுகளைச் சாய்வாக ஒட்டினால் நேர்த்தியான முக்கோணம் கிடைக்கும்.

மினாங் கூரை: நம் நெகிரி செம்பிலானில் பார்க்கக்கூடியது. எருமைக் கொம்புபோல் இருபுறமும் உயரும் மினாங்கபாவ் கூரையைப் பார்த்திருப்பீர்கள். நுனிக்கோட்டின் இரு முனைகளையும் நகத்தின் ஓரமாகச் சற்று மேலே இழுத்துவிட்டால் அந்த வளைவு வந்துவிடும்.

புள்ளிக்கோலம்: நுனிக்கோட்டை ஒட்டி வரிசையாகப் புள்ளிகள். இதற்குத் தனிக் கருவி வேண்டாம். கொண்டை ஊசியின் உருண்டை முனை போதும்.

தலைகீழ்ப் பிறை: நுனியை விட்டுவிட்டு நகத்தின் அடியில் பிறை வைப்பது. 1930களில் மேலை நாடுகளில் இது பெரிய பேஷன். கோப்புத் தாளின் துளைகளைச் சுற்றி ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் இதற்குச் சரியான அச்சு.

மருதாணிக் கோடு: எனக்கு மிகவும் பிடித்தது. மருதாணி சிவப்பும் புது நகமும் சந்திக்கும் எல்லையில் ஒரு பொன் கோடு மட்டும் போடுங்கள். நகப்பூச்சு நீக்கியால் கோடு அழியும், மருதாணி அழியாது. மாதம் ஒருமுறை கோட்டை அழித்துப் புதிய எல்லையில் போட்டால், ஒரே மருதாணியில் மூன்று வடிவங்கள் கிடைக்கும்.

எதைப் போட்டாலும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். பூச்சிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேறினால்தான் படலம் இறுகும். தடிமனாகப் பூசினால் மேல்பகுதி முதலில் காய்ந்து, உள்ளே கரைப்பான் சிக்கி, கொப்புளம் விடும். கடைசிப் பூச்சை நுனியின் விளிம்பிலும் ஒரு முறை இழுத்துவிட்டால் சீக்கிரம் உரியாது.

நான் செய்த தவறு

இந்த ஆர்வத்தில் நான் ஒரு தவறும் செய்தேன். இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு ஜெல் பூச்சுப் பெட்டியை விளக்கோடு வாங்கி, சித்தி மகளுக்குப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவளுடைய விரல்கள் சிவந்து, அரித்து, நீர்க்கொப்புளம் கட்டின. கிளினிக்கில் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: “இதில் என்ன கலந்திருக்கிறது?” வேதியியல் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. புட்டியைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

ஜெல் பூச்சுகளில் ‘அக்ரிலேட்’ வகைப் பொருள்கள் உண்டு. விளக்கொளியில் முழுமையாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். பல் அடைக்கும் சில பொருள்களிலும் இதே வகை இருப்பதால் பிற்காலத்தில் அங்கும் தொல்லை வரலாம். ஜெல் இறுக உதவும் ‘டி.பி.ஓ.’ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறது.

மருதாணி என்றாலும் கவனம் தேவை. கருகருவென்று உடனே பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேர்க்கும் ‘பி.பி.டி.’ இருக்கும். அது தோலைக் கொப்புளமாக்கி வடுவையும் விட்டுச் செல்லலாம். இயற்கை மருதாணி ஒருபோதும் கறுப்பு மை போல் இருக்காது. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இயற்கை மருதாணியும் வேண்டாம். இரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கக்கூடும்.

மலேசியாவில் விற்கப்படும் அழகுப் பொருள்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்டவற்றுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண் உண்டு. வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் அகப்பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் சித்தி மகளின் கை தப்பியிருக்கும்.

இன்னும் சில வார்த்தைகள். பள்ளி மாணவிகள் நகப்பூச்சை விடுமுறையோடு வைத்துக்கொள்ளுங்கள். மருதாணி நகத்தில் மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், பள்ளி விதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஜெல்லை உரித்தெடுக்காதீர்கள். அதோடு நகத்தின் அடுக்கும் சேர்ந்து வரும். கைத்திறன் உள்ளவர்களுக்கு அழகுக்கலைத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பயிற்சிகளும் உள்ளன. எஸ்.பி.எம். முடித்து என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

சித்தி மகளின் கை இப்போது ஆறிவிட்டது. விடுதிக்குத் திரும்பும் நாளன்று, பாட்டியின் நகத்தில் சிவப்புப் பிறைக்குக் கீழே ஒரு பொன் கோடு போட்டுவிட்டேன். புட்டியின் எண்ணை முதலில் சரிபார்த்துவிட்டுத்தான். பாட்டி கையைத் தூரத்தில் நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இதுக்கு என்னா பேரு?”

“நீங்களே வைங்க பாட்டி” என்றேன்.

பிரான்சுக்காரர்கள் கண்டுபிடிக்காததற்கே அவர்கள் பெயர் இருக்கும்போது, ஐம்பது அறுபது தீபாவளிகளாகத் தன் நகத்தில் இதைச் சுமந்தவருக்கு அந்த உரிமை இல்லையா?