மழையில் கரைந்த புகை

வானிலிருந்து விழும் நீரைப்போலத் தூய நீர் வேறில்லை என்பது மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த நம்பிக்கை. ஆற்று நீரில் சேறு கலக்கும்; கிணற்று நீரில் உப்புக் கலக்கும்; மழைநீரில் எதுவும் கலவாது என்று எண்ணினர். இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர். ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் வாழ்ந்து வந்தார். பருத்தி ஆலைகள் மலிந்த அந்நகரில் எண்ணற்ற புகைபோக்கிகள் நாள்தோறும் கரும்புகையைக் கக்கின.

ஸ்மித் அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த காற்றையும் மழையையும் சோதித்தார். தொலைவிலுள்ள வயல்வெளிகளில் அம்மோனியம் கார்பனேட்டும், புறநகர்ப் பகுதிகளில் அம்மோனியம் சல்பேட்டும் இருந்தன. நகரின் நடுவிலோ கந்தக அமிலம் இருக்கக் கண்டார். துணிகளின் சாயம் வெளிறுவதற்கும் உலோகங்கள் அரிக்கப்படுவதற்கும் இவ்வமிலமே காரணம் என்று 1852ஆம் ஆண்டில் எழுதினார். 1872இல் அவர் வெளியிட்ட ‘காற்றும் மழையும்’ என்னும் நூலில் ‘அமில மழை’ என்ற தொடரையும் ஆண்டார். எனினும் அந்நூல் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனால் விளைந்த இழப்புப் பெரிது.

கந்தக அமிலம் மழைக்கு எவ்வாறு வந்தது? பண்டைக் காலத்துச் செடிகொடிகள் புதையுண்டு நிலக்கரியாயின. அந்நிலக்கரியோடு கந்தகமும் சிறிதளவு கலந்திருக்கிறது. நூறு டன் நிலக்கரியில் இரண்டு டன் கந்தகம் உள்ளதாகக் கொள்வோம். எரியும்போது அது பிராணவாயுவோடு கூடி நான்கு டன் கந்தக டையாக்சைடு என்னும் வாயுவாகிறது. அவ்வாயு மேகத்தினிடையே மேலும் பிராணவாயுவையும் நீரையும் ஏற்று ஆறு டன் கந்தக அமிலமாகிறது. எரிந்தது இரண்டு டன். விழுவது ஆறு டன்! கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்வதால் நைட்ரிக் அமிலமும் உண்டாகிறது; ஆயினும் அந்நாளில் பெருங்கேடு விளைத்தது கந்தகமே.

அமிலத்தின் கடுமையை அளக்கும் முறையை டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் 1909இல் வகுத்தார். அது பி.எச். எண் எனப்படும். தூய நீரின் எண் 7. எண் குறையக் குறைய அமிலம் மிகும். ஓர் எண் குறைந்தால் அமிலத்தின் கடுமை பத்து மடங்காகும். கரியமில வாயு இயல்பாகவே மழையில் கரைவதால், மாசற்ற மழையின் எண்ணும் ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். இதனால் தீங்கில்லை. எண் 4.3 ஆனாலோ அம்மழை ஏறக்குறைய இருபது மடங்கு புளிப்புடையதாகிறது.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரின்மீது காற்று அசையாது நின்றது. அடுப்புகளும் ஆலைகளும் விட்ட புகை பனியோடு கலந்து நகரை மூடிற்று. பகலிலும் வழி தெரியவில்லை. மூச்சுத் திணறி ஏறத்தாழ 4,000 மக்கள் மாண்டனர் என்று அப்போது கணக்கிட்டனர். பின்னர் ஆராய்ந்தவர்கள் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்றனர். இதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் கரும்புகையைக் கட்டுப்படுத்தியது. கண்ணுக்குப் புலப்படாத கந்தக வாயுவை அவ்வளவாகத் தடுக்கவில்லை. மின்சார நிலையங்கள் மிக உயர்ந்த புகைபோக்கிகளை எழுப்பின. வாயு வானில் உயரச் சென்றது. அருகிலிருந்த ஊர்களின் காற்றுத் தெளிந்தது. தொல்லை நீங்கியது என்று பலரும் எண்ணினர். உயரச் சென்ற வாயு எங்கே இறங்கும் என்று கேட்டவர் மிகச் சிலரே.

அது கடல் கடந்து இறங்கியது. பிரிட்டனிலும் ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் எழுந்த வாயுவைக் காற்று வடக்கே கொண்டு சென்றது. தென் நார்வேயிலும் சுவீடனிலும் அது மழையாகவும் பனியாகவும் விழுந்தது. அந்நாட்டு ஏரிகளில் மீன் குறைந்து வருவதை மீன் பிடிப்போர் நெடுநாளாகவே கண்டிருந்தனர்; காரணந்தான் விளங்கவில்லை. சுவீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் சுவாந்தே ஓடேன் 1967இல் மழையையும் காற்றையும் ஏரியையும் இணைத்துப் பார்த்து உண்மையை வெளிப்படுத்தினார்.

எல்லா ஏரிகளும் ஒரே அளவில் கெடவில்லை என்பது கருதத்தக்கது. எலுமிச்சம் பழச்சாற்றைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் சிந்தினால் நுரை எழும். சாற்றின் புளிப்பும் அடங்கும். அவ்வாறே சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் விழும் அமிலம் மண்ணிலேயே அடங்கிவிடும். தென் நார்வேயின் பெரும்பகுதியோ கருங்கல் நிலம். அங்குள்ள மண்படலம் மெல்லியது. சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆதலால் மழையின் அமிலம் அடங்காமல் ஏரிக்குச் சென்றது.

அது தனியே செல்லவுமில்லை. களிமண்ணில் அலுமினியம் மிகுதியாக உண்டு. மண்ணோடு பிணைந்திருக்கும்வரை அது எவ்வுயிருக்கும் தீங்கு செய்வதில்லை. அமிலமோ அப்பிணைப்பைத் தளர்த்தி, அலுமினியத்தைக் கரைத்து நீரோடு அனுப்பியது. அது மீன்களின் செவுள்களில் படிந்து மூச்சை அடைத்தது. குருதியிலுள்ள உப்பும் வெளியேறியது. முட்டைகளும் குஞ்சுகளுமே முதலில் அழிந்தன. முதிர்ந்த மீன்கள் சில ஆண்டுகள் தாங்கின. ஆகவே பெரிய மீன்கள் மட்டும் வலையில் அகப்பட்டன. அதைக் கண்டு ஏரி செழித்திருப்பதாகக்கூட நினைக்க இடமிருந்தது. பின்னர் அவையும் இல்லாமற்போயின. இளவேனிலில் பனி உருகும்போது, குளிர்காலம் முழுவதும் பனியில் தங்கியிருந்த அமிலம் சில நாட்களில் ஒருங்கே இறங்கி ஆறுகளில் மீன்களைக் கொன்றது. இவ்வளவுக்கும் ஏரியின் நீர் முன்னிலும் தெளிந்து, அடித்தரை தெரியுமாறு அழகுடன் விளங்கிற்று. 

நிலக்கரியை எரித்தவர் ஒரு நாட்டார். மீனை இழந்தவர் மற்றொரு நாட்டார். சான்று போதாது என்று பிரிட்டனில் பல ஆண்டுகள் வாதிட்டனர். 1979இல் ஜெனீவாவில், எல்லை கடந்து செல்லும் காற்று மாசு குறித்து ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 1985இல் எல்சிங்கி நகரில் கூடிய நாடுகள், 1980இல் இருந்த கந்தக வெளியீட்டில் 30 விழுக்காட்டை 1993க்குள் குறைப்பதாக ஒப்பின. பிரிட்டன் அதில் கையெழுத்திடவில்லை. எனினும் மறு ஆண்டே பெரிய மின்சார நிலையங்களில் புகையைக் கழுவும் கருவிகளை அமைக்க இசைந்தது.

புகையைக் கழுவும் முறை புதியதன்று. 1933இல் இயங்கத் தொடங்கிய இலண்டன் பேட்டர்சி மின்சார நிலையத்திலேயே தேம்சு ஆற்று நீரால் புகையைக் கழுவினர். கழுவிய நீரை மீண்டும் ஆற்றிலேயே விட்டனர். காற்றைக் காத்து நீரைக் கெடுத்த வினை அது! பிற்காலக் கருவிகளில் சுண்ணாம்புக் கல்லின் பொடியை நீரில் குழைத்துப் புகையின்மீது தெளித்தனர். கந்தகம் சுண்ணாம்போடு கூடி ஜிப்சமாகிறது. அது வீட்டுச் சுவர்ப் பலகைகள் செய்ய உதவுகிறது.

ஐரோப்பாவின் கந்தக வெளியீடு 1980இல் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்துள்ளது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்சார நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. ஆயினும் ஏரிகள் உடனே மீளவில்லை. பல்லாண்டு பெய்த அமிலம் மண்ணிலிருந்த சிறிதளவு சுண்ணாம்பையும் கரைத்துச் சென்றுவிட்டது. பாறை தேய்ந்து அது மீண்டும் சேர நெடுங்காலம் ஆகும். ஆதலால் படகுகளிலும் எலிகாப்டர்களிலும் சுண்ணாம்புப் பொடியைக் கொண்டு சென்று ஏரிகளில் தூவினர். தென் நார்வேயின் மண்டால் ஆற்றில் சால்மன் மீன் இனம் அற்றுப்போயிருந்தது. 1990களின் பிற்பகுதியில் அவ்வாற்றுக்குச் சுண்ணாம்பு இடத் தொடங்கியபின் சால்மன் அங்கே மீண்டும் பெருகிற்று. இன்றும் நார்வேயின் பல ஆறுகளுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு இட்டு வருகின்றனர்.