உங்களுக்குத் தெரியுமா? டிரெய்லரின் ஆட்டம் பின்கோடியில் தொடங்குகிறது

காரின் பின்னால் டிரெய்லர் பூட்டும்போது பலரும் எஞ்சினின் சக்தியைத்தான் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், சுமை எங்கே இருக்கிறது என்பது. கனமான சாமான்களைப் பின்கோடியில் அடுக்கினால் டிரெய்லரின் மூக்கு எழும்பி, இணைப்புப் பந்து வழியாகக் காரின் பின்பக்கத்தையும் தூக்கும். பின் டயர்களின் பிடி குறையும். பக்கக் காற்றோ கடந்து போகும் லாரியோ அசைத்துவிட்டால், வேகத்தில் அந்த ஆட்டம் அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெருகும். அதனால்தான் பிரிட்டனில் கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் பந்தின் மீது இறங்க வேண்டும் என்கிறார்கள். 1,000 கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. அளவு மிஞ்சினாலும் ஆபத்து: காரின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் தளரும்.

ஆட்டம் வந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து நேராக்கிவிடலாம் என்பார்கள். கணநேரம் நேரானாலும், கூடிய வேகம் அடுத்த ஆட்டத்தை மோசமாக்கும். காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே இறங்க விடுவதே சரி. மின்னணு நிலைப்படுத்தி இருக்கிறதே என்றால், அது நல்ல துணைதான். ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகே வேலை செய்யும், தப்பான அடுக்கலைத் திருத்தாது. பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல், கார் உரிமம் உள்ளவர்கள் தனித் தேர்வு இல்லாமலே 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். தேர்வு போய்விட்டதால் இந்த அறிவு முழுக்க ஓட்டுபவரின் பொறுப்பாகிவிட்டது. கனமானதை அச்சுக்கு மேலே, தரையோடு வைத்துக் கட்டுங்கள். பந்தின் மேல் இறங்கும் எடையை அளந்த பிறகே புறப்படுங்கள்.